மருந்து அடிச்சா மட்டும் போகாத களை: இங்கிலாந்து கோதுமை வயல்ல பிளாக் கிராஸ்

இங்கிலாந்து விவசாயம்னு சொன்னா நம்ம ஆளுங்க பல பேருக்கு மனசுல வர்றது பெரிய ட்ராக்டர், ஜிபிஎஸ், ஒத்த ஆளு நூத்துக்கணக்கான ஹெக்டேர் பாத்துக்கறது, களை வந்தா ஸ்ப்ரேயரை எடுத்துட்டு ஒரு ரவுண்ட் போனா முடிஞ்சதுங்கிற நெனப்பு. நான் கிழக்கு இங்கிலாந்துல, லிங்கன்ஷைர் கேம்பிரிட்ஜ்ஷைர் பக்கம் களிமண் பூமியில அக்ரோனமிஸ்ட்டா, அதாவது விவசாயிகளுக்கு பயிர் ஆலோசகரா வேலை பாக்குறேன். விவசாயப் படிப்பு முடிச்சுட்டு இங்க வர்ற நம்ம பசங்களும் இதே நெனப்போடதான் வர்றாங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். இங்க கோதுமை போடுற விவசாயிக்கு தூக்கத்த கெடுக்குற களை ஒண்ணு இருக்கு, பேரு பிளாக் கிராஸ், அது மருந்து டப்பாவால மட்டும் தீராது.

ஜூன் மாசம் வயலோரத்துல நின்னு பாத்தா கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம், கோதுமைக்கு மேல மெல்லிசா, ஊதாவும் கறுப்புமா கதிர் தலை நீட்டிட்டு நிக்கும். ஒரு கதிர்ல கிட்டத்தட்ட நூறு விதை. அதை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு மேல இழுத்தா பழுத்த விதை அப்படியே உள்ளங்கையில உதிரும், அதே மாதிரிதான் காத்துலயும் உதிருது. கோதுமை அறுப்பு ஆகஸ்ட்ல, அதுக்குள்ள பெரும்பாலான விதை மண்ணுக்கு போயிடும், அதனால கம்பைன் (அறுவடை மெஷின்) வந்து அறுக்கும்போது அடுத்த வருஷத்து பிரச்சினைய ஏற்கனவே விதைச்சாச்சு. அதுல சுமார் 80 சதவீதம் இலையுதிர் காலத்துல, அதாவது விண்டர் கோதுமை விதைக்கிற அதே நேரத்துல முளைக்குது.

மருந்து ஏன் வேலை செய்யலன்னா, எசெக்ஸ்ல பெல்டன்ங்கிற இடத்துல 1982-லயே மருந்துக்கு அசராத பிளாக் கிராஸ கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் புதுசு புதுசா மருந்து வந்துச்சு, ஒவ்வொண்ணும் சில வருஷம் பிரமாதமா வேலை செஞ்சுது, அப்புறம் தப்பிச்ச செடிங்க விதை போட்டு அதோட பிள்ளைகளே வயல் முழுக்க நின்னுச்சு. சில செடியில மருந்து போய் ஒட்டுற இடமே மாறிப்போச்சு, சில செடி மருந்தை உள்ள வாங்கி உடைச்சு செரிச்சுடுது, இந்த ரெண்டாவது வகைதான் மோசம், ஏன்னா இதுவரைக்கும் அடிக்காத மருந்தையும் அது சமாளிச்சுடும். ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க போட்ட கணக்குல இதனால இங்கிலாந்துல வருஷத்துக்கு சுமார் 40 கோடி பவுண்ட் நஷ்டம், 8 லட்சம் டன் கோதுமை போகுது. நம்ம நாட்டுலயும் பஞ்சாப், ஹரியானா கோதுமையில ஃபலாரிஸ் மைனர் களை ஐசோபுரோட்டூரான்ங்கிற களை மருந்துக்கு அசராம போன கதை 1990கள்ல நடந்ததுதான், அதனால இது ஏதோ வெள்ளைக்காரன் வயலு பிரச்சினைன்னு தள்ளிடாதீங்க.

சரி, அப்ப என்ன பண்றது? விதைப்ப தள்ளிப்போடு, இதுதான் எல்லாரும் சொல்றது, நானும் சொல்றேன். அறுப்பு முடிஞ்சதும் மேல மண்ண லேசா கிளறி விட்டா ஈரம் இருந்தா பிளாக் கிராஸ் முளைக்கும், முளைச்சத கிளைஃபோசேட் களைக்கொல்லி அடிச்சு கொன்னுட்டு, அக்டோபர் நடுவுலயோ அதுக்கப்புறமோ மண்ண அதிகம் புரட்டாம ட்ரில் (விதைக்கிற மெஷின்) ஓட்டணும், விதைச்ச ஒண்ணு ரெண்டு நாள்ல ஈர மண்ணுல ஃப்ளூஃபெனாசெட் கலந்த மருந்து விழணும். சொல்றதுக்கு சுலபமா இருக்குல்ல? செப்டம்பர் காய்ஞ்சு போனா களை முளைக்கவே முளைக்காது, கொல்றதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது. மழை புடிச்சா ட்ராக்டர் வயல்ல இறங்காது. காத்து அடிச்சா ஸ்ப்ரே பண்ண முடியாது. இதுக்கு நடுவுல பக்கத்து பண்ணையில செப்டம்பர் நடுவுலயே ட்ரில் ஓடுறத பாத்துட்டு விவசாயிக்கு கை சும்மா இருக்காது, போன் மேல போன் வரும், இன்னும் எத்தனை நாள் காத்திருக்கணும்னு.

அவங்க பயப்படுறது தப்பே இல்ல. 2019 இலையுதிர் காலத்துல ஆரம்பிச்ச மழை நிக்கவே இல்ல, காத்திருந்தவங்க பல பேரு கோதுமையே போட முடியல. 2019-ல 1.6 கோடி டன்னா இருந்த பிரிட்டன் கோதுமை அறுவடை 2020-ல ஒரு கோடி டன்னுக்கு கீழ போச்சு, 1981-க்கு அப்புறம் அவ்வளவு குறைஞ்சதே இல்ல. 2023 அக்டோபர்ல பேபெட் புயல் வந்தப்பவும் இதே பாடுதான். கடன் வாங்கி விதை, உரம் எல்லாம் கொட்டகையில வெச்சுட்டு தண்ணி நிக்கிற வயல பாத்துட்டு இருக்கிற மனுஷன்கிட்ட போய் "களைக்கு நல்லதுங்க"ன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வராது. அதனால என் யோசனை எப்பவும் ஒண்ணுதான், எல்லா வயலுக்கும் ஒரே தேதி வேண்டாம். சுத்தமான வயல முதல்ல விதைங்க, பிளாக் கிராஸ் அதிகம் இருக்குற வயல கடைசியில வைங்க, வானம் கை விட்டுச்சுன்னா அந்த வயல வசந்த காலத்துக்கு விட்டுடுங்க, ஒரு வருஷ வரவு போனாலும் வயலு மிஞ்சும்.

வசந்தத்துல பார்லி போட்டா பிளாக் கிராஸ் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல குறையுது, இதைவிட பெரிய ஆயுதம் கிடையாது. ஆனா களிமண்ணு மார்ச் கடைசி வரைக்கும் பிசுபிசுன்னு இருக்கும், மேல காய்ஞ்ச மாதிரி தெரியும், மண்வெட்டிய இறக்கி ஒரு பிடி எடுத்து உருட்டினா உருண்டையா நிக்கும், அந்த நேரத்துல ட்ராக்டர இறக்கினா மண்ணு இறுகி தண்ணி வடியாம போயிடும், அப்புறம் பிளாக் கிராஸுக்கு அதுதான் சொர்க்கம். 2025 மாதிரி வசந்தத்துல மழை ரொம்ப குறைஞ்சு போனா பார்லி வேர் பிடிக்காம நின்னுடுது.

முன்னாடி இன்னொரு வழி இருந்துச்சு, ஆயில்சீட் ரேப், அதாவது கடுகு இனத்துப் பயிர். அதுல புரோப்பிசமைடு அடிக்கலாம், பிளாக் கிராஸ் இன்னும் அந்த மருந்துக்கு பழகல. ஆனா விதைநேர்த்திக்கு போட்ட நியோனிகோட்டினாய்டு மருந்துக்கு 2013 கடைசியில தடை வந்ததும் ஃப்ளீ பீட்டில் வண்டு முளையிலேயே தின்னு தீர்க்க ஆரம்பிச்சுது, 2012-ல 7 லட்சம் ஹெக்டேருக்கு மேல இருந்த பயிர் 2025-ல 3 லட்சத்துக்கும் கீழ போச்சு. தேனீக்காக கொண்டுவந்த தடைய நான் குறை சொல்லல, ஆனா வண்டால பயிர் போனப்போ, களைய அடக்குற ஆயுதமும் சேந்து போச்சுங்கிறத யாரும் கணக்குல எடுக்கல. க்ளோவர் மாதிரி செடி போட்டு தரிசா விட அரசு எஸ்எஃப்ஐங்கிற விவசாய மானியத் திட்டத்துல காசு குடுத்துச்சு, அதை நம்பி ப்ளான் போட்டவங்களுக்கு 2025 மார்ச்ல புது விண்ணப்பத்த திடீர்னு நிறுத்திட்டாங்க.

ஆழமா உழுது விதைய புதைக்கலாம், 5 சென்டிமீட்டருக்கு கீழ இருந்து பெரும்பாலும் முளைக்காது, வருஷத்துக்கு 70 சதவீதம் போல உள்ளயே செத்துடும். ஆனா அடுத்த வருஷமே மறுபடி உழுதா உயிரோட இருக்குறத திரும்ப மேல கொண்டு வந்துடுவீங்க, அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

கிளைஃபோசேட்டயும் தேவைக்கு மேல திரும்பத் திரும்ப அடிக்காதீங்க, அடிக்கிறப்ப செடி நல்லா வளர்ற நேரத்துல, முழு டோஸ்ல அடிங்க. 2025-ல கென்ட்ல இத்தாலியன் ரை கிராஸ்ல கிளைஃபோசேட்டுக்கு அசராத செடி முதல் தடவையா உறுதியாச்சு, பிளாக் கிராஸுக்கும் அது வந்துச்சுன்னா மேல சொன்ன வழியில பாதி அடைபட்டுடும்.

போன ஜூன்ல என்கூட வயலுக்கு வந்த ஒரு தம்பி, "ஏண்ணா, பச்சைப்பசேல்னு நிக்கிற கோதுமையப் போய் மருந்து அடிச்சு கருக்குறாங்க?"ன்னு மனசு கேக்காம கேட்டான். அந்த திட்டுல கோதுமைய விட பிளாக் கிராஸ்தான் அதிகம் தம்பி, விதை முத்துறதுக்குள்ள, மே கடைசி ஜூன் ஆரம்பத்துல பயிரோட சேத்து அழிச்சாத்தான் உண்டுன்னு சொன்னேன். அங்கங்க ஒண்ணு ரெண்டு செடிதான்னா ஆளு விட்டு கையால புடுங்கி பையில போட்டு வயல விட்டு வெளிய எடுத்துடணும், வரப்புல போட்டுட்டு வரக்கூடாது, கதிர் அங்கயே விதைய முத்த வெச்சுடும்.

வாடகை கம்பைன் கூப்பிடுறவங்க அது கடைசியா எந்த வயல்ல அறுத்துச்சுன்னு கேளுங்க, வைக்கோல் கட்டுற பேலருக்கும் அதே கேள்வி. கேட்டுக்கு வெளியவே நிறுத்தி, மூடியெல்லாம் திறந்து கம்ப்ரெஸர் வெச்சு ஊதச் சொல்லுங்க, முன்பக்க ஹெட்டர், சல்லடை, தானியம் ஏத்துற எலிவேட்டரோட அடிப்பக்கம், இந்த மூணு இடத்துலதான் விதை அதிகம் தங்கியிருக்கும். மழை வரப்போகுதுன்னு டிரைவர் அவசரப்படுத்துவார், அப்பவும் ஊதாம உள்ள விடாதீங்க.