வார்டுல இங்கிலீஷ் கிடையாது: காத்மாண்டு பக்கம் மெடிசின் படிக்கப் போறவங்களுக்கு

போன வாரம் காய்ச்சல்னு வந்த ஒருத்தர் மாத்திரைச் சீட்டை வாங்கிட்டும் எந்திரிக்கல. செவுத்துல மாட்டியிருக்கிற என் சர்ட்டிபிகேட்டையே பார்த்துட்டு இருந்துட்டு, சார் நீங்க நேபாளத்துலயா படிச்சீங்க, பொண்ணுக்கு அங்க சீட் இருக்குன்னு ஒருத்தர் சொல்றாரு, அட்வான்ஸ் கேக்குறாருன்னு ஆரம்பிச்சாரு. மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படிக் கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

நான் 2016ல சேர்ந்தேன். முதல் ரெண்டு வருஷம் காத்மாண்டுக்குப் பக்கத்துல இருக்கிற பக்தபூர் பக்கம். அந்த ஊர் மல்ல ராஜாக்கள் காலத்து ஊரு, அஞ்சு அடுக்கு நியாதபோல கோயில் 1702ல கட்டினது, 2015 பூகம்பத்துல சுத்தி எத்தனையோ இடிஞ்சும் அது அப்படியே நின்னுச்சு. ஆனா பக்கத்துச் சந்துல எல்லாம் மரக்கட்டை முட்டுக் கொடுத்த வீடுகதான், நான் தினமும் அதுக்கு அடியிலதான் நடந்து போனேன். இமயமலைன்னதும் பனியில உறைஞ்சு போயிடுவோம்னு எங்கம்மா பயந்தாங்க. காத்மாண்டு 1400 மீட்டர்தான், நம்ம ஏற்காடு உயரம் கூட இல்ல. குளிர் இருக்கு, ஆனா அதை விட குளிர்காலத்துத் தூசியும் புகையும்தான் படுத்தி எடுக்கும், ஆஸ்துமா இருக்கிற பிள்ளைங்க யோசிச்சுக்கோங்க.

ஏஜென்ட் சொல்றது என்னன்னா, எல்லாம் இங்கிலீஷ் மீடியம் சார். பொய் இல்ல, கிளாஸ்ல இங்கிலீஷ்தான், புக்கும் நாம இங்க படிக்கிற அதே புக்குதான். ஆனா மூணாவது வருஷம் வார்டுக்குள்ள போனா அங்க படுத்திருக்கிற பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் முதல்ல ஹிஸ்டரி (நோய் விவரம் கேட்டு எழுதறது) எடுத்த பேஷண்ட் மலைக் கிராமத்துல இருந்து வந்த ஒரு ஆமா (அங்க அம்மாவுக்கு ஆமா). என்ன செய்யுதுன்னு கேட்டேன், "ஸ்வா ஸ்வா ஹுன்ச பாபு"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, தலைய தலைய ஆட்டிட்டு வயித்துவலின்னு எழுதிட்டேன். ப்ரொபசர் அந்த அம்மாவைத் திரும்பச் சொல்ல வச்சாரு, அப்புறம் என்னைப் பார்த்தாரு. ஸ்வா ஸ்வான்னா மூச்சு வாங்குதுன்னு அர்த்தம், அந்த அம்மா சொல்றப்பவே மூச்சு வாங்கிட்டுதான் இருந்துச்சு, நான்தான் வாயைப் பார்த்தேனே தவிர நெஞ்சைப் பார்க்கல. நாப்பது வருஷம் விறகடுப்புப் புகையை முழுங்கின நுரையீரல், மலைப்பக்கப் பொம்பளைங்க நிறைய பேருக்கு பீடி பிடிக்காமலே சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கிப் போற நாள்பட்ட நுரையீரல் நோய்) வருது. அன்னைக்கு ராத்திரிதான் நேபாளி நோட்டு ஒண்ணு போட்டேன், ரெண்டு வருஷம் லேட்டு. கஹாங் துக்ச, எங்க வலிக்குது. ரிங்கடா, தலைசுத்தல். ஜ்வரோ, காய்ச்சல். பக்தபூர்ல வயசானவங்க நேவாரி வேற பேசுவாங்க, அது நேவார் மக்களோட தனி பாஷை, அதுக்கு பேத்தியோ பேரனோ பக்கத்துல நின்னாதான் உண்டு. முதல் வருஷத்துலயே ஹாஸ்டல் ரூம்ல நம்மூர்க் கூட்டத்தோடயே உட்கார்ந்துக்காம டீக்கடையில பேசிப் பழகணும், இது எந்த நோட்டீஸ்லயும் இருக்காது.

சரி, பேப்பர் விஷயம். முதல்ல நீட் பாஸ் ஆகியிருக்கணும், நேபாளம் பக்கத்துலதானேன்னு நீட் இல்லாமப் போனா திரும்பி வந்து இங்க எதுவும் பண்ண முடியாது. அது போதாது, நேபாளத்துலயே மெடிக்கல் எஜுகேஷன் கமிஷன் நடத்துற நுழைவுத் தேர்வும் எழுதணும், வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான். டாக்டர் கோவிந்த கே.சி.ன்னு ஒரு எலும்பு டாக்டர் மருத்துவப் படிப்பைச் சீர்படுத்தணும்னு திரும்பத் திரும்ப உண்ணாவிரதம் இருந்து, கடைசியில 2019ல சட்டமே வந்துச்சு, அந்தச் சட்டத்துல வந்த தேர்வு இது. அதனால "எக்ஸாம் வேண்டாம், சீட் கன்ஃபார்ம்"னு யாராவது சொன்னா அட்வான்ஸ் கொடுக்காம எந்திரிச்சு வந்துடுங்க. என் பேட்ச்மேட் ஒருத்தன் அப்பா ரசீது இல்லாம ரொக்கமா ஒரு பெரிய தொகை கொடுத்தாரு, காலேஜ்ல விசாரிச்சா அந்த ஏஜென்ட்டையே யாருக்கும் தெரியல.

நம்ம என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) 2021 ரூல்படி கோர்ஸ் குறைஞ்சது 54 மாசம், அதே காலேஜ்ல 12 மாசம் இன்டெர்ன்ஷிப். நேபாள எம்பிபிஎஸ் நாலரை வருஷம் பிளஸ் ஒரு வருஷம், அதனால கணக்கு சரியா வரும், ஆனா இன்டெர்ன்ஷிப்பை ஊர்ல வந்து முடிச்சுக்கலாம்னு நினைச்சா போச்சு. திரும்பி வந்ததும் எஃப்எம்ஜிஇ, அதாவது வெளிநாட்டுல படிச்சவங்க இங்க டாக்டரா பதிவு பண்ண எழுத வேண்டிய தேர்வு, 300 கேள்வி, 150 எடுக்கணும். அதுக்கு மேல இங்கயும் ஒரு வருஷம் இன்டெர்ன்ஷிப். ஆறு வருஷத்துல டாக்டர்னு மனசுல கணக்குப் போட்டிருந்தா மாத்திக்கோங்க. ஒரு நல்லது, அங்க வார்டுல பார்க்கிறதும் டைஃபாய்டு, டிபி, பேதி, நம்மூர் நோய்கதான், அதனால எஃப்எம்ஜிஇ கேள்வியைப் பார்க்கிறப்ப பார்த்த பேஷண்ட் முகம் ஞாபகம் வரும்.

நேபாளம் போக விசா வேண்டாம், உண்மைதான். ஆனா ஃப்ளைட்ல ஆதார் கார்டு செல்லாது, பாஸ்போர்ட் இல்ல வோட்டர் ஐடி வேணும், பதினெட்டு வயசுப் பிள்ளைகிட்ட வோட்டர் ஐடி எங்க இருக்கும், பாஸ்போர்ட்டை முதல்லயே எடுத்து வச்சிடுங்க.

கடைசியா ஒண்ணு, இதை நான் பேரண்ட்ஸ் கிட்ட கட்டாயம் சொல்லுவேன். வெளிய ரூம் எடுத்துத் தங்குற பிள்ளைங்க பாத்ரூம்ல கேஸ் கீசர் (சிலிண்டர்ல எரியற வெந்நீர் மெஷின்) இருக்கும், குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் மூடிட்டுக் குளிப்பாங்க, கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயு வாசனையே இல்லாம சேர்ந்துடும். காத்மாண்டுல குளிர்காலத்துல இந்த மாதிரிச் சாவு வந்துட்டேதான் இருக்கு. தலைவலி, வாந்தி, மயக்கம்னு குளிச்சிட்டு வர்றவங்க விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்து 98 காட்டுதேன்னு விட்டுடாதீங்க, அந்த மெஷினுக்கு இந்த விஷவாயுவையும் ஆக்சிஜனையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. வெளிக்காத்துக்கு இழுத்துட்டு வந்து நேரா எமர்ஜென்சிக்கு. சிலிண்டரும் கீசரும் பாத்ரூமுக்கு வெளிய இருக்கிற ரூமாப் பாருங்க, வாடகை கொஞ்சம் கூட ஆனாலும்.