ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிடம்: கர்ப்பிணிகளுக்கான இலவச சிபிலிஸ் பரிசோதனையில் எங்கெல்லாம் அலைக்கழிப்பார்கள்

ஏழாம் மாதச் செக்கப்புக்கு ஒரு பெண்ணோடு துணைக்குப் போயிருந்தேன். அவருடைய தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த வகை எல்லாம் எழுதியிருந்தது. உடலுறவு வழியாகப் பரவும் சிபிலிஸ் நோய்க்கான கட்டத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தார்கள். "ரெண்டு தடவை ரத்தம் எடுத்தாங்களேக்கா, அதுல எல்லாம் பாத்திருப்பாங்க" என்றார். பார்க்கவில்லை.

முதலில் உரிமை. 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எச்.ஐ.வி.யோடு சிபிலிஸ் பரிசோதனையையும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்ய வேண்டும் என்பது தேசியத் திட்டம். சிபிலிஸைக் கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், நோயோடு பிறக்கலாம். நேரத்துக்குப் பென்சிலின் போட்டால் தடுத்துவிடலாம். பின்னணி இவ்வளவு போதும்.

இனி கவுன்டரில் சொல்லும் காரணங்கள். "மூணாவது குழந்தையா? அப்ப திட்டத்துல வராது." தவறு. பணம் தரும் உதவித் திட்டங்களில்தான் குழந்தை எண்ணிக்கைக் கணக்கு உண்டு. பரிசோதனைக்கு அது கிடையாது, வருமானச் சான்றும் வேண்டாம். இந்த இரண்டையும் குழப்பித் திருப்பி அனுப்புவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர்களிடம் "உங்க பதிவு அங்கதானே இருக்கு, அங்கயே போய்ப் பாருங்க" என்பார்கள். அட்டையையும் கர்ப்பத்தைப் பதியும்போது தரும் ஆர்.சி.எச். எண்ணையும் காட்டி அங்கேயே கேளுங்கள். எட்டு மாத வயிற்றோடு பஸ் ஏறிப் போக வேண்டியதில்லை.

"லேப் டெக்னீசியன் லீவு" என்பது அடுத்தது. விரைவுப் பரிசோதனைக்கு லேப் தேவையே இல்லை. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் விட்டு, மேலே கரைசல் ஊற்றினால் 15, 20 நிமிடத்தில் கோடு தெரிந்துவிடும். பயிற்சி பெற்ற நர்ஸே செய்யலாம். கிட் இல்லை என்றால், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் கேளுங்கள். முடிவு தேதியோடு அட்டையில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள். "நார்மல்தான், போங்க" என்ற வாய்ச்சொல்லை அடுத்த ஆஸ்பத்திரியில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

அன்று அவரை உட்காரவைத்துப் பரிசோதனை செய்ய வைத்தோம். பாசிட்டிவ். உண்மையான அலைச்சல் அப்புறம்தான் தொடங்கியது. ஊசி போட்டால் ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற பயத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே போனால் அன்று சம்பந்தப்பட்ட டாக்டரின் ஓ.பி. இல்லை. மறுமுறை போனபோது, இன்னொரு ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்றார்கள். இரண்டு வாரம் போய்விட்டது. அது சும்மா போன இரண்டு வாரம் இல்லை. பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே ஊசி போட்டிருந்தால்தான் குழந்தைக்கும் போதுமான சிகிச்சை கிடைத்ததாகக் கணக்கு. திரும்பி வராமல் போகும் அபாயம் உள்ள இடங்களில், கர்ப்பிணிக்கு விரைவுப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் முதல் ஊசியை அன்றே போட்டுவிட்டு மற்ற பரிசோதனையைச் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் "இன்றைக்கே ஊசி போட முடியுமா, முடியாதென்றால் ஏன் என்று எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல கதவுகள் திறக்கும்.

கேட்க வேண்டிய மருந்து பென்சாத்தீன் பென்சிலின், 24 லட்சம் யூனிட். தொற்று பழையதாக இருந்தாலோ, எப்போது வந்தது என்று தெரியாவிட்டாலோ வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஊசி ஸ்டாக் இல்லையென்று வேறு மாத்திரை தந்தால் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கர்ப்பத்தில் குழந்தையைக் காக்கும் என்று நம்பக்கூடியது பென்சிலின் ஒன்றுதான். கணவருக்கும் அதோடு சேர்த்தே பரிசோதனையும் சிகிச்சையும் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் நோய் மறுபடி தொற்றும்.

இன்னொரு சிக்கல் அடுத்த கர்ப்பத்தில் வரும். காயம் ஆறினாலும் தழும்பு இருப்பதுபோல, குணமான பிறகும் பெரும்பாலோருக்கு விரைவுப் பரிசோதனை வாழ்நாள் முழுக்க பாசிட்டிவ் காட்டும். அதை வைத்து ஒரு பெண்ணை "மறுபடியும் வாங்கிட்டு வந்திருக்கியா" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டதை நான் நேரில் பார்த்தேன். நோய் இப்போது இருக்கிறதா என்று பார்க்க ஆர்.பி.ஆர். அல்லது வி.டி.ஆர்.எல். என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு வேண்டும். 1:32 இருந்தது 1:8 ஆக, அதாவது நான்கில் ஒரு பங்காக, இறங்கினால் சிகிச்சை பலித்திருக்கிறது. பழைய சீட்டு இல்லாமல் இதை யாராலும் ஒப்பிட முடியாது. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் கடைசி ஊசி போட்டு ஐந்து வாரம் கழித்துக் குழந்தை பிறந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த மருந்து, எத்தனை ஊசி, எந்தெந்தத் தேதியில் என்று எழுதச் சொல்லிக் காத்திருந்து வாங்கினோம். குழந்தையைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.