ஏட்டுக்கட்டை வெயிலில் போடாதீர்கள்

திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிறது. ஆறு பெருகினால் கோயில் முங்கும். ஊர்க்காரர்களுக்கு அது புதிதல்ல. தண்ணீர் மோதும் பக்கத்து மதில், வெள்ளத்தைப் பிளந்துவிடும்படி படகின் முனைபோலக் கட்டப்பட்டிருக்கிறது. உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றை வழித்துவிட்டுப் பூஜை தொடங்கும்.

கல்லுக்கு இது சரி. என் வேலை பழைய ஓலை ஏட்டையும் காகிதத்தையும் சீர்செய்து காப்பது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதே, அப்போது தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் உள்ள வைத்தியர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. தாத்தா காலத்து வைத்தியச் சுவடிகள். தரையோடு ஒட்டிய அலமாரியில் இருந்ததால் முழுக்க நனைந்துவிட்டன. நான் போவதற்குள் நல்ல எண்ணத்தில் மொட்டை மாடி வெயிலில் பரப்பியிருந்தார்கள். பாதி ஏடுகள் சுருண்டு, நரம்போடு வெடித்திருந்தன. வெள்ளம் செய்யாததை வெயில் செய்துவிட்டது. எழுத்தில் தடவிய மை கரைந்தாலும் எழுத்தாணிக் கீறல் அப்படியே இருக்கும். மறுபடி மை பூசிப் படித்துவிடலாம். வெடித்த ஏட்டை என்ன செய்வது?

நிழலில், மின்விசிறிக் காற்றில், ஏட்டுக்கு ஏடு மை ஒற்றும் தாள் வைத்துத்தான் உலர்த்த வேண்டும். காகிதம் என்றால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். குவியல் பெரிதாக இருந்தால் பாலித்தீன் பையில் சுற்றி, மீன் வைக்கும் குளிர்கிடங்கில் உறைய வைத்துவிடுங்கள். பூஞ்சையும் மை பரவுவதும் நின்றுவிடும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். சிரிக்காதீர்கள், இது சோதித்துப் பார்த்த வழி.

எங்கள் தொழிலே பாதி ஒரு வெள்ளத்தில் கற்றுக்கொண்டதுதான். 1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குள் ஆர்னோ ஆறு புகுந்தது. ஆற்றை ஒட்டியே இருக்கும் தேசிய நூலகத்தில் சுமார் 10 லட்சம் நூல்களும் இதழ்களும் நனைந்தன. பழைய தொகுப்புகள் பல நிலவறையில் இருந்தன. வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டிகள் உடைந்து சேற்றோடு கலந்துவிட, வெறும் தண்ணீரில் அலசி முடிகிற வேலையாக இல்லை. புகையிலை உலர்த்தும் கொட்டகைகளில்கூடப் புத்தகங்களை உலர்த்தினார்கள். சாந்தா குரோச்சே தேவாலயத்தில் சிமாபுவே வரைந்த சிலுவை ஓவியம் பாதிக்கு மேல் வண்ணத்தை இழந்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் நூல்களைச் சீர்செய்யும் வேலை முடியவில்லை.

ஆற்றுக்குப் பக்கத்தில், அதுவும் தரைக்குக் கீழே, ஏன் வைத்தார்கள்? நம் ஊரில் கோயில் கணக்கும் செப்பேடும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டுப் பேசலாம். நான் பார்த்தவரை பெரும்பாலும் கீழ்த்தள இருட்டறையில். சாவி ஒருவரிடம், அவர் வெளியூரில்.

அந்த வைத்தியர் வீட்டில் இப்போது கட்டுகள் மாடியறையில் இருக்கின்றன. முதலில் தூக்க வேண்டிய மூன்றுக்குச் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறோம். இன்னொரு சாவி எதிர்வீட்டு அக்காவிடம்.