முதலில் அணையுங்கள், அப்புறம் கூப்பிடுங்கள்

"எல்லாம் திரும்ப வந்துடுமா சார்?"

போனில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன். "ஃபைல் போனதுக்கு அப்புறம் என்னென்ன செய்தீங்க?" உடனே எதிர்முனையில் ஒரு அமைதி விழும். அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை வைத்தே பாதி நிலவரத்தை ஊகித்துவிடலாம்.

பழுதான டிஸ்குகளில் இருந்து டேட்டாவை மீட்டுக் கொடுப்பது என் தொழில். எங்கள் வேலை மந்திரம்போலத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. அதற்கு எங்கள் திறமை மட்டும் காரணமல்ல, ஹார்ட் டிஸ்கின் சோம்பேறித்தனமும் காரணம். அழி என்று சொன்னால் அது அழிக்காது, அழித்ததாகக் கணக்கு எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. இன்று உங்கள் கையில் இருக்கும் லேப்டாப்பும் போனும் அப்படிச் சோம்பல் படுவதில்லை. ஆனால் "யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்" என்ற பழைய நம்பிக்கை மட்டும் மக்களிடம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கணக்கு விஷயத்தைப் பார்ப்போம். எந்த டிஸ்கிலும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று உங்கள் ஃபைலின் உள்ளடக்கம். மற்றது, அது எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்று சொல்லும் பட்டியல். ஃபேட்32 வகையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஒரு ஃபைலை டெலீட் செய்தால், பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து மட்டும் ஒரு தனிக்குறியாக மாற்றப்படும். "இந்த இடம் காலி" என்று பொருள். கூடவே, ஃபைலின் துண்டுகளை வரிசையாக இணைக்கும் சங்கிலியும் அழிக்கப்படும். உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. மீட்ட ஃபைல்களில் சில நேரம் முதல் எழுத்து மட்டும் காணாமல் போயிருப்பது இதனால்தான். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையிலும் ஏறத்தாழ இதே கதைதான். அங்கே ஃபைலின் பதிவில் "பயன்பாட்டில் இல்லை" என்று ஒரு குறி மாறும், அவ்வளவே.

பட்டியலே முழுசாகச் சிதைந்து போனால் வேறு வழி இருக்கிறது. டிஸ்கை முதல் செக்டாரில் இருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போவோம். ஜேபெக் படம் எதுவானாலும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டுகளில்தான் தொடங்கும். பிடிஎஃப் ஃபைல் ஒரு சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளுமாகத் தொடங்கும். இப்படிப்பட்ட தலைகளைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து உடலை வெட்டி எடுப்போம். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. ஆனால் ஃபைலின் பெயரும் ஃபோல்டரும் பட்டியலோடு போய்விட்டன. ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு வந்து நிற்கும். "எல்லாம் கிடைத்துவிட்டது" என்று நான் சொல்லும்போது வாடிக்கையாளர் முகம் மலரும், ஃபோல்டரைத் திறந்ததும் வாடும். வீடியோக்கள் இன்னும் மோசம். ஒரே வீடியோ பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால், தலை கிடைத்தும் பயனில்லை. திறக்கவே திறக்காது.

சரி, உள்ளடக்கம் அப்படியே இருக்கிறது என்றால் எங்கே கெடுகிறது? "காலி" என்று குறித்த இடத்தில் வேறு எதையாவது எழுதும்போது கெடுகிறது. எழுத நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதே இல்லை. கணினி ஓடிக்கொண்டிருந்தாலே போதும். பிரவுசர் தற்காலிக ஃபைல்களை எழுதும், அப்டேட் இறங்கும், சிஸ்டம் தன் குறிப்புகளை எழுதும். ஒரு ஆராய்ச்சி மாணவி தன் ஆய்வேடு இருந்த ஃபோல்டரை டெலீட் செய்துவிட்டார். பதறிப்போய் அதே டிரைவில் மீட்பு மென்பொருளை டவுன்லோடு செய்து, அதே டிரைவில் இன்ஸ்டால் செய்து, கிடைத்த ஃபைல்களையும் அதே டிரைவிலேயே சேமித்திருந்தார். என்னிடம் வந்தபோது, மீட்ட ஃபைல்களே மீட்கவேண்டிய ஃபைல்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. கடைசியில் ஆய்வேடு கிடைத்தது என் லேபில் அல்ல, சில மாதங்களுக்கு முன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அவர் அனுப்பியிருந்த மின்னஞ்சலில்.

மேலே வேறு டேட்டா எழுதப்பட்டுவிட்டால் பழையதைச் "சுரண்டி" எடுக்க ஏதோ கருவி இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். இன்றைய ஹார்ட் டிஸ்கில் ஒரே ஒரு முறை மேலெழுதினாலே போதும், அடியில் இருந்தது போனது போனதுதான். பழைய டிஸ்கை விற்கும் முன் 35 முறை எழுதி அழிக்க வேண்டும் என்று இன்னும் சொல்லித்திரிகிறவர்கள் இருக்கிறார்கள். அது 1996-இல், அன்றைய டிஸ்குகளை மனதில் வைத்து வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றின் எச்சம்.

இன்னொரு பக்கம், நெருப்பில் வெந்த டிஸ்கில் இருந்துகூட டேட்டா வந்திருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. அதில் ஒரு அறிவியல் பரிசோதனையின் பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க், மாதங்கள் கழித்து வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் கருகிய நிலையில் கிடைத்தது. பார்த்தால் யாரும் குப்பையில்தான் போடுவார்கள். ஆனால் அதிலிருந்து ஏறத்தாழ 99 சதவீத டேட்டா மீட்கப்பட்டு, 2008-இல் அந்தப் பரிசோதனையின் முடிவும் வெளியானது. உள்ளே சுழலும் தட்டுகளில், பதிவு இருந்த பகுதிகளுக்குச் சேதம் இல்லை, மேலே வேறு எதுவும் எழுதப்படவும் இல்லை. வானத்திலிருந்து விழுந்த டிஸ்கை மீட்க முடிந்தது. நேற்று மாலை நீங்கள் அழித்துவிட்டு, இரவு முழுக்கப் படம் இறக்கிய டிஸ்கை மீட்க முடியாமல் போகலாம்.

அடுத்து, சத்தம் போடும் டிஸ்குகள். "டிக்... டிக்..." என்று சீரான இடைவெளியில் கேட்டால், படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் மறுபடி மறுபடி போய் முட்டித் திரும்புகிறது என்று அர்த்தம். மேசைக் கணினியின் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும். தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கிறது. முனை அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளியை நினைத்துப் பாருங்கள். முனை அடிபட்டு வளைந்திருந்தால், ஓடும் ஒவ்வொரு விநாடியும் அது தட்டின் பூச்சைச் சுரண்டுகிறது. அந்தப் பூச்சுதான் உங்கள் டேட்டா. "கொஞ்சம் ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று ராத்திரி முழுக்க விட்டேன்" என்று ஒருவர் சொன்னார். திறந்தபோது தட்டில் கண்ணாடிபோல வளையம் விழுந்திருந்தது. அந்த வளையத்தில் எதுவும் இல்லை. நிஜமாகவே எதுவும் இல்லை.

இதற்கு வலையில் உலவும் கைவைத்தியங்கள் எனக்குக் கோபம் வரவழைப்பவை. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்பது ஒன்று. வெளியே எடுத்ததும் தட்டின்மேல் ஈரம் படியும், முனை அதில் மோதும். மூடியைத் திறந்து ஊதிப் பார்ப்பது இன்னொன்று. தூசி வடிகட்டிய அறையில் நாங்கள் ஏன் திறக்கிறோம் என்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள்கூட அந்த இடைவெளியில் பாறைபோல. மூன்றாவது, அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கிச் சர்க்யூட் போர்டை மாற்றிப் போடுவது. பழைய டிஸ்குகளில் அது பலித்ததுண்டு. இப்போதைய ஒவ்வொரு டிஸ்குக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து எழுதிய அளவீடுகள் அந்த போர்டில் இருக்கும் சின்னச் சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பையும் சேர்த்து மாற்றாவிட்டால் போர்டை மாற்றியும் பயனில்லை.

சத்தம் இல்லாமல், மெதுவாகிவிட்ட டிஸ்க் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் யாரும் பயப்படுவதில்லை. "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்க் பிழைகளைச் சரிசெய்ய விண்டோஸில் இருக்கும் செக்டிஸ்க் என்ற கருவியையும் ஓட்டாதீர்கள். பட்டியலைச் சீராக்குவதுதான் அதன் வேலை, உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அல்ல. புரியாத துண்டுகளை வெட்டிப் பெயரில்லாத ஃபைல்களாகக் குவித்துவிட்டு "பிழை சரிசெய்யப்பட்டது" என்று பெருமையாகச் சொல்லும். நாங்கள் செய்வது வேறு. பழுதான டிஸ்கில் எதையும் தேடுவதில்லை. முதலில் அதன் முழுப் பிரதியை இன்னொரு டிஸ்குக்கு எடுப்போம். சுலபமாகப் படிக்க வருவதை முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களை அடுத்தடுத்த சுற்றுக்குத் தள்ளி வைப்போம். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவி இந்த முறையில்தான் இயங்குகிறது. தேடல், மீட்பு எல்லாம் பிரதியின் மேல்தான்.

இனி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டுக்குப் பதிலாக ஃபிளாஷ் சிப்புகளில் பதிந்து வைக்கும் டிஸ்க். இங்கே தட்டும் இல்லை, முனையும் இல்லை, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். அதனால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். மீட்பு வேலை செய்கிறவன் பார்வையில் நேர் எதிர். ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய எழுத்தின்மேல் நேரடியாகப் புதிதாக எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும், அந்த அழிப்புக்கு நேரம் பிடிக்கும். எனவே நீங்கள் டெலீட் செய்தவுடனே "இந்த இடம் இனி வேண்டாம்" என்று இயங்குதளம் எஸ்எஸ்டிக்குச் செய்தி அனுப்புகிறது. இதற்கு ட்ரிம் என்று பெயர், 2009-இல் வந்த விண்டோஸ் 7-இலேயே இருக்கிறது. செய்தி கிடைத்ததும் எஸ்எஸ்டி ஓய்வு நேரத்தில் தானாகவே அந்த இடத்தைத் துடைத்துவிடும். துடைப்பதற்கு முன் படிக்கப் போனால்கூடப் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான் வரும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரத்தில் கதை முடிந்திருக்கலாம். சில புதிய ஹார்ட் டிஸ்குகளும் இந்த வழக்கத்துக்கு வந்துவிட்டன. பென் டிரைவிலும் கேமராவின் மெமரி கார்டிலும் மட்டும் பழைய சோம்பல் இன்னும் பெரும்பாலும் மிச்சம் இருக்கிறது.

எஸ்எஸ்டி சாகும்போது டிக் சத்தமும் கிடையாது. மாலை வரை ஓடும், காலையில் கணினிக்கு அது இருப்பதே தெரியாது. இன்னொன்றும் உண்டு. ஃபிளாஷ் செல் என்பது அடைபட்ட மின்னேற்றம், அது மெல்லக் கசியும். எழுதும் ஆயுளை முழுக்கத் தீர்த்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு டேட்டாவை வைத்திருந்தால் போதும் என்பதே துறையின் தர வரையறை. புதிய எஸ்எஸ்டி இன்னும் நீண்ட நாள் தாங்கும்தான். ஆனாலும் தேய்ந்த எஸ்எஸ்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவது சேமிப்பு அல்ல.

போன்களைப் பற்றி நான் சொல்லும் பதிலை யாரும் விரும்புவதில்லை. இன்றைய ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் உள்ளே இருப்பது எல்லாமே, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டது. ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் சாவி அழிகிறது. பெட்டி இருக்கும், சாவி உலகத்திலேயே இல்லை. சிப்பைக் கழற்றிப் படித்தாலும் இரைச்சல்தான் வரும். புதிய விண்டோஸ் லேப்டாப்புகளிலும் மறையாக்கம் உங்களுக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். இன்றே அமைப்புகளில் போய்ப் பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள், அந்த லேப்டாப்பிலேயே சேமிக்காதீர்கள். சிரிக்காதீர்கள், அப்படிச் சேமித்தவரைப் பார்த்திருக்கிறேன்.

பேக்கப் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் என்னிடம் வருபவர்களில் பலருக்குப் பேக்கப் "இருந்தது". கிளவுடில் சிங்க் ஆகும் ஃபோல்டரைப் பேக்கப் என்று நம்பியிருப்பார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கிளவுடின் குப்பைத் தொட்டியில் சில நாள் கிடக்கும், அது உங்கள் அதிர்ஷ்டம். பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு முறையும் பேக்கப் அல்ல. ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் இருக்க அது உதவும், தவறாக அழித்ததை அது எல்லா டிஸ்கிலும் ஒழுங்காக அழிக்கும். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப் முறைகள் பல இருந்தன. போய்ப் பார்த்தால் தினசரிப் பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. அது தோல்வியடைவதாகச் சொல்லும் மின்னஞ்சல்கள்கூட யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. அவர்கள் இதையெல்லாம் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். தொழில்நுட்பமே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இப்படி. உங்கள் பேக்கப்பில் இருந்து ஒரே ஒரு ஃபைலையாவது இந்த மாதம் திரும்ப எடுத்துத் திறந்து பார்த்தீர்களா?

எங்களைப் போன்றவர்களிடம் வரும் நிலை வந்தால், செய்யாமல் விடுவதே பெரிய உதவி. மின்சாரத்தை நிறுத்துங்கள். நனைந்த ஹார்ட் டிஸ்கை வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைக்காதீர்கள். தண்ணீர் போகும், அதில் கரைந்திருந்த உப்பும் சேறும் தட்டிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் மூடிக் கொண்டுவாருங்கள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். நாங்கள் திட்டமாட்டோம், மனதுக்குள் வேண்டுமானால். டிஸ்கைப் பார்க்காமலே "நூறு சதவீதம் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கே கொடுக்காதீர்கள். என்னென்ன ஃபைல் கிடைத்தது என்ற பட்டியலைப் பார்த்தபின் பணம் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் அந்தரங்கப் படங்களும் கணக்கு வழக்கும் அவர் கையில் இருக்கப் போகின்றன என்பதால், வேலை முடிந்ததும் அவரிடம் உள்ள பிரதி என்னாகும் என்பதையும் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை, எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

போன மாதம் ஒரு புகைப்படக்காரர் வந்தார். படமெடுத்துக்கொண்டிருக்கும்போதே கைதவறி மெமரி கார்டை ஃபார்மட் செய்துவிட்டார். அடுத்த நொடியே கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுத்து, ஒரு தாளில் சுற்றி, மேலே "தொடாதே" என்று எழுதிப் பையில் போட்டுக்கொண்டு, மிச்ச வேலையை வேறு கார்டில் முடித்திருக்கிறார். அத்தனை படமும் வந்தது. நான் செய்த வேலையில் பெரும்பகுதி, காப்பி ஆகும் வரை காத்திருந்ததுதான். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது.