ஒண்ணே முக்கால் லட்சம் போட்டும் பேச்சு விளங்கவில்லை

"அண்ணே, ஒண்ணே முக்கால் லட்சம் போட்டு வாங்குன ஹோம் தியேட்டர் செட்டு, பாட்டு அதிருது, ஆனா படத்துல பேசுறது ஒண்ணும் விளங்கமாட்டேங்குது" என்று தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்தவர், புதுசாகக் கட்டிய வீடு. போய்ப் பார்த்தால் தரை முழுக்க கிரானைட், மூன்று பக்கம் வெறும் சுவர், நாலாவது பக்கம் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல், ஸ்பீக்கர்களை அழகாக இருக்கட்டும் என்று கூரையை ஒட்டி மூலைக்கு மூலை மாட்டியிருந்தார்கள். நடு ஹாலில் நின்று ஒரே ஒரு தட்டு கை தட்டினேன். ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தில் தட்டியது போல 'ணங்ங்' என்று இழுத்தது. செட்டில் ஒரு பழுதும் இல்லை, எதிரொலிக்கிற அறைதான் பேச்சைக் குழப்பியது.

பேச்சு வருகிற சென்டர் ஸ்பீக்கரை டிவிக்குக் கீழே ஷோகேஸுக்குள் தள்ளி வைத்திருந்தார்கள், அது எல்லாருடைய முழங்காலோடும் பேசிக்கொண்டிருந்தது. வெளியே இழுத்து, அடியில் ஒரு ரீப்பர் மரச்சட்டத் துண்டைக் கொடுத்து முகத்தை மேலே தூக்கினேன். ஜன்னலில் கனமான போர்வையைக் கட்டி, தரையில் இரண்டு ஜமுக்காளம் விரித்து, முன் ஸ்பீக்கர் இரண்டையும் உட்கார்ந்தால் காது வருகிற உயரத்துக்கு இறக்கினேன். "இப்ப விளங்குதுப்பா" என்று முதலில் சொன்னது அவருடைய அம்மாதான்.

மண்டபம் ஊர்ப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் சர்வீஸ்தான் எனக்குத் தொழில். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் "எவ்வளவு போட்டா நல்லா கேக்கும்?" என்பதுதான். ஒரு கட்டம் வரைக்கும் பணத்துக்கு ஏற்ற சத்தம் வரும், அதில் பொய்யில்லை. அதைத் தாண்டினால் பெயருக்கும் முகப்புக்கும் கொடுக்கிற காசுதான் அதிகம்.

அடிமட்டத்திலிருந்து சொல்கிறேன். திருவிழாக் கடையில் '2000 வாட் பிஎம்பிஓ' என்று எழுதி மினுக்குகிற பெட்டி ஒன்று பழுதுக்கு வந்தது. திறந்தால் சத்தத்தைப் பெருக்குகிற 4440 ஐசி (சிப்) ஒன்று, 12 வோல்ட் 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர். கணக்குப் போடுங்கள், 36 வாட். உள்ளே போவதே 36 என்றால் வெளியே 2000 எங்கிருந்து வரும்? அந்த ஐசியே ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட், இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து பிரிட்ஜ் செய்தால் 19 வாட் தருகிற சாதனம். பிஎம்பிஓ, அதாவது ஒரு நொடிப்பொழுது உச்சத்தில் வருவதாகச் சொல்கிற வாட், என்பதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவுமுறையே கிடையாது, ஆளாளுக்கு ஒரு நம்பர் போடலாம். தொடர்ந்து தருகிற ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அதிலும் 50 வாட்டை 100 ஆக்கினால் சத்தத்தை அளக்கிற டெசிபல் கணக்கில் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்கானது போல காதுக்குத் தெரிய கிட்டத்தட்ட 10 டெசிபல் கூட வேண்டும், அப்படியென்றால் பத்து மடங்கு வாட்.

இனி நான் ஏமாந்த கதை. பல வருஷத்துக்கு முன்பு ஒரு வாடிக்கையாளருக்காக 12,000 ரூபாய் ஆம்ப்பையும் 70,000 ரூபாய் ஆம்ப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டி, "பாருங்க, விலை கூடினதுல குரல் எவ்வளவு திறந்து வருது" என்று பெரிய ஆள் மாதிரி சொன்னேன். அவரும் வாங்கிவிட்டார். ராத்திரி சும்மா மீட்டரை வைத்துப் பார்த்தால் விலை கூடினதில் வால்யூம் 2 டெசிபல் தூக்கலாக இருந்திருக்கிறது. கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதைத் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். சமமாக வைத்துக் கேட்டபோது எது எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அவரிடம் போய்ச் சொன்னேன், சிரித்துவிட்டு "பரவாயில்ல, பார்க்க நல்லாருக்கு" என்றார்.

பெரிய ஆராய்ச்சியாளர்களே இதைச் சோதித்திருக்கிறார்கள். 1994-இல் ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து மார்க் போடச் சொன்னார்கள், பிறகு திரையை விலக்கிப் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததும் பெரிய, விலையுயர்ந்த ஸ்பீக்கர்களுக்கு மார்க் ஏறியது, சின்ன பிளாஸ்டிக் செட்டுக்கு இறங்கியது. இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து என் கடையில் திரையாக ஒரு பழைய வேட்டி தொங்குகிறது. ஸ்பீக்கர் வாங்க வருகிறவரிடம், தினமும் கேட்கிற பாட்டைக் கொண்டுவாருங்கள், வேட்டிக்குப் பின்னால் இருக்கிறதைக் கேட்டுவிட்டு விலையைக் கேளுங்கள் என்பேன். பாதிப் பேர் விலை குறைந்ததைத்தான் கை காட்டுகிறார்கள்.

நம் கடற்கரைக்கென்று ஒரு தனித் தொல்லை, உப்புக்காற்று. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று, உங்கள் ஸ்பீக்கர் டெர்மினலை மட்டும் விட்டுவிடுமா? கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாசம் முடிந்தால் என் மேசை நிறைய 'கரகர' கேஸ்தான். வால்யூம் கன்ட்ரோலில் அழுக்கு, வயர் நுனியில் பச்சை. ஸ்பீக்கரில் அதிர்கிற கோனின் ஓரத்து ரிங் ஃபோமாக இருந்தால் சில வருஷத்தில் விரல் பட்டாலே உதிர்கிறது, அதனால் ரப்பர் ரிங்கா என்று பார்த்து வாங்குங்கள், இதற்கு நூறு இருநூறு கூடக் கொடுத்தாலும் தகும். வயருக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம், வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயரே எட்டு ஓம் ஸ்பீக்கருக்குப் பத்து மீட்டர் வரை தாராளம். ஆனால் பிளேடால் ஒரு சுரண்டு சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். வருஷம் ஒருமுறை நுனியை அரை இஞ்ச் வெட்டிவிட்டு இறுக்கி முறுக்கினால் போதும்.

விலை கூடின செட்டில் இன்னொரு சிக்கல், பழுது. கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கொண்டுவந்த வெளிநாட்டு ரிசீவரில், அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டுகிற பெட்டியில், ஒரே ஒரு போர்டு போயிருந்தது. இங்கே கிடைக்காது, மதுரையிலும் விசாரித்துப் பார்த்தாகிவிட்டது, போர்டின் விலையைச் சொன்னபோது "அதுக்குப் புதுசே எடுத்துரலாமே தம்பி" என்றார். இப்போது அவர் வீட்டில் பாடுவது நான் அசெம்பிள் செய்து கொடுத்த செட். அந்த ரிசீவர் டிவிக்குக் கீழே அதே இடத்தில்தான் இருக்கிறது, விருந்தாளிகள் அதைப் பார்த்துத்தான் "சத்தம் பிரமாதம்" என்கிறார்களாம், காக்காவும் மறுத்துச் சொல்வதில்லை.