24 கண் பாலமும் அதன் தலையில் இறங்கிய தண்ணீரும்

பழைய கல் பாலங்களைப் பரிசோதிப்பது என் வேலை. "இவ்வளவு பழசு, இப்போதைய ரயில் பாரத்தைத் தாங்குமா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் முதலில் தேடுவது மேலே விழும் மழைத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், செட்டில் - கார்லைல் பாதையில் இருக்கிறது ரிப்பிள்ஹெட் பாலம். 24 கண் (அதாவது 24 வளைவு), சுமார் 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். ஜான் சிட்னி கிராஸ்லி என்ற பொறியாளர் தலைமையில் மிட்லண்ட் ரயில்வே 1870இல் வேலையைத் தொடங்கியது, 1874இல் கடைசிக் கல் வைத்தார்கள். தூண்கள் சுண்ணாம்புக்கல், வளைவுகள் செங்கல். கண் பாலத்தில் ஒரு வளைவுக்குப் பக்கத்து வளைவுதான் முட்டு, அதனால் ஒரு தூண் போனால் எல்லாமே வரிசையாகச் சரியும். அதற்காகவே ஒவ்வோர் ஆறாவது தூணையும் தடிமனாகக் கட்டினார்கள், சரிவு ஆறு கண்ணோடு நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

கட்டியவர்கள் பாலம் எழும்பிய சதுப்பு நிலத்திலேயே குடிசை போட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். விபத்திலும் பெரியம்மையிலும் செத்தவர்கள் அதிகமாகி, பக்கத்து ஊரான சேப்பல்-லெ-டேலின் கல்லறைத் தோட்டத்தையே பெரிதாக்க வேண்டியிருந்தது. பாலத்தின் படத்தைப் பார்க்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். 1980களில் பழுதுபார்க்கும் செலவைக் காரணம் காட்டி அந்தப் பாதையையே மூடப் பார்த்தார்கள், 1985இல் பாலத்தில் இருந்த இரண்டு ரயில் தடங்களில் ஒன்றுதான் மிஞ்சியது. மேல்தளம் வழியாக உள்ளே இறங்கிய தண்ணீர் வளைவுகளை அரித்திருந்தது. சோதனையாகக் கொஞ்சம் பழுதுபார்த்ததில் செலவு பயந்த அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. மக்களும் விடாமல் போராட, 1989 ஏப்ரலில் மூடும் திட்டத்தை அரசு நிராகரித்தது, அப்புறம் மேல்தளத்தில் தண்ணீர் புகாத உறை போட்டார்கள், இன்றும் ரயில் ஓடுகிறது.

நான் பார்த்த ஒரு பாலத்தில், அசிங்கமாகக் கசிகிறது என்று யாரோ தண்ணீர் வடியும் ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பக்கச் சுவர் வயிறு தள்ளிவிட்டது. உங்கள் ஊர் ரயில்வே கல் பாலத்தில் வளைவுக்கு அடியில் வெள்ளைக் கோடு வழிந்திருந்தாலோ, இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தாலோ, சுவர் உப்பியிருந்தாலோ, உள்ளே தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம், ஒரு போட்டோ எடுத்துப் பக்கத்து ரயில்வே ஸ்டேஷனில் காட்டுங்கள்.