கோழிக்கூட்டுக்குத் தகரம் போடுமுன்

சித்திரை, வைகாசியில் மத்தியான நேரம் மிருக வைத்தியரான எனக்கு வருகிற அழைப்புகள் பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான். காலையில் நன்றாகத் தீன் எடுத்த கோழி ரெண்டு மணிக்குச் செத்துக் கிடக்கிறது, என்ன மருந்து வாங்கலாம்?

அப்படித்தான் ஒருமுறை முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். நாற்பது முட்டைக்கோழி வைத்திருந்தார், ஒரே பின்னேரத்தில் ஆறு போய்விட்டது. "ஊசியெல்லாம் போட்ட கோழி டொக்டர், பிறகேன் இப்பிடிச் சாகுது?" என்று அழாத குறையாகக் கேட்டார். போய்ப் பார்த்தேன். 2009இல் போர் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்தபோது குடியிருந்த தற்காலிகக் கொட்டிலின் தகரத்தைக் கழற்றி, கோழிக்கூட்டுக்குப் போட்டிருந்தார்கள். கூரை என் நெஞ்சளவு உயரந்தான். உள்ளே கோழிகள் செட்டையை உடம்பிலிருந்து விலக்கி, வாயைப் பிளந்து, தொண்டை படபடவென்று அடிக்க நின்றன. தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் விரலை வைத்தேன், குளிக்க வெந்நீர் வைத்தது போல இருந்தது. செத்ததை வெட்டிப் பார்த்ததில் தொற்றுநோய்க்கான அடையாளம் ஒன்றும் இல்லை. சூட்டில்தான் செத்திருந்தன.

கோழிக்கு வியர்க்காது, அதற்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும், அதற்கு மேல் ஏறினால் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அதைக் குறைக்க வேண்டும். சுற்றியுள்ள சூடு 30 பாகையைத் தாண்டினாலே இரைக்கத் தொடங்கிவிடும். நம்முடைய வெயிலில் மர நிழலிலேயே 30க்கு மேல் போய்விடுகிறது, அப்போது தலைக்கு ஒரு முழம் மேலே காய்ந்த தகரம் இருந்தால் கோழி என்ன செய்யும்? செத்தால்தான் நட்டம் என்றும் இல்லை. இரைக்க இரைக்க இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு வெளியே போகிறது, முட்டைக்கோது உருவாகத் தேவையான காபனேற்று குறைகிறது, அதனால் கோது மெலிந்து கையில் எடுக்கும்போதே வெடிக்கிறது. தீனில் சிப்பித்தூள் காணாது என்று நினைத்து இன்னும் இன்னும் போடுவார்கள், பிழை மேலே கூரையில் இருக்கும்.

அதற்காகத் தகரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கையில் இருப்பது அதுதான், மழைக்கும் அது நல்லது. ஆனால் உயர்த்திப் போடுங்கள். தாழ்ந்த பக்கம் ஐந்தரை அடி, உயர்ந்த பக்கம் ஏழரை அடி என்றால் ஒரு ஆள் உள்ளே போய்க் கூட்டிக் கழுவவும் சுகம். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காகவும் உயர்ந்த பக்கம் தெற்கேயும் இருந்தால் சோளகக் காற்று நேரே உள்ளே வரும், மாரியில் வாடைக்காற்றோடு அடிக்கிற சாரலை வடக்கே தாழ்ந்திருக்கிற பக்கம் தடுக்கும். அந்த வடக்குப் பக்கக் கூரை விளிம்பை மட்டும் மூன்று அடியாவது வெளியே நீட்டி விடுங்கள். தரையில் போட்ட உமி சாரலில் நனைந்தால் இரத்தக் கழிச்சல் பரவும், அதில் குஞ்சுகள் கொத்தாகச் சாகும்.

தகரத்துக்கு மேலே பங்குனியில் ஒரு வரிசை கிடுகு பரவி, காற்றுக்குப் பறக்காமல் பனைமட்டையால் அழுத்திக் கயிற்றால் கட்டிவிட்டால், வெயில் தகரத்தில் படாது. நான் போகிற இடமெல்லாம் சொல்லுவது இதைத்தான். புரட்டாசியில் மறக்காமல் இறக்கிவிட வேண்டும், மழையில் ஊறிய கிடுகு தகரத்தில் ஒட்டிக்கிடந்தால் துரு பிடிக்கும். கிடுகு கிடைக்காவிட்டால் மேற்பக்கத்துக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி விடும்.

கிடுகோ பனையோலையோ மட்டும் வேய்ந்த கூடு வெயிலுக்கு இன்னும் குளிர்மை, நம்முடைய பழைய ஆட்கள் ஒன்றும் தெரியாமல் அப்படி வேயவில்லை. ஆனால் ரெண்டு மாரிக்குள் கிடுகு உக்கிவிடும், எலி கூடு வைக்கும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். மரநாய் ஓலையைப் பிரித்துக்கொண்டு இறங்கும், அதனால் ஓலைக்குக் கீழே கம்பிவலை அடிக்காமல் விடாதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. கொண்டை வெளிறி, நோய் என்று சொல்ல ஒன்றுமில்லாமல் மெலிந்துகொண்டே போகிற கோழிகளைப் பார்த்தால் நான் முதலில் ஓலையையும் கைமரத்தின் வெடிப்புகளையும் விரித்துப் பார்ப்பேன். பகலில் உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும், இரவில் இறங்கி இரத்தம் குடிக்கும். குஞ்சுகளுக்குச் சூடு காட்ட மின்குமிழ் போடுகிறவர்கள் ஓலைக் கூரைக்குக் கிட்ட அதைத் தொங்கவிடவே கூடாது.

அஸ்பெஸ்ரஸ் சீற்றைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தகரத்தை விடச் சூடு குறைவுதான், ஆனால் உடைந்த வீட்டிலிருந்து எடுத்த பழைய சீற்றைக் கூட்டின் அளவுக்கு வாளால் அறுப்பதையும் துளை போடுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன், பக்கத்தில் பிள்ளைகள் நின்று விளையாடும். அந்தத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் இருக்கின்றன, மூச்சோடு உள்ளே போனால் பல வருடங்கள் கழித்து நுரையீரலில் புற்றுநோய் வரலாம். வெட்டாதீர்கள். குரங்கு பாய்கிற வளவென்றால் அது கூரையிலேயே வெடித்து நொறுங்கும், ஆகவே புதிதாகப் போடுவதையும் நான் விரும்புவதில்லை.

தறப்பாள் ஒரு மழைக்குத் தாங்கும், வெயிலுக்குக் கூடாது. ஓடு வாங்க வசதியிருந்தால் நல்லது, ஆனால் பாரத்தைத் தாங்க மரம் வேண்டும்.

கூரை போட்டு முடிந்த அன்றே நிலத்தில் விழுந்த ஆணி, தகரத்துண்டு எல்லாவற்றையும் பொறுக்குங்கள், ஒரு காந்தத்தை இழுத்துக்கொண்டு போனால் மண்ணுக்குள் இருப்பதும் வரும். மினுங்குகிற எதையும் கோழி கொத்தி விழுங்கும். இரைப்பையைத் துளைத்து நின்ற கூரையாணியை நான் கையால் எடுத்திருக்கிறேன்.

அந்த அக்காவின் கூட்டில் அன்று செய்தது இவ்வளவுதான்: தகரத்தின் மேல் நனைத்த சாக்குகளைப் போட்டோம், கிணற்றுத் தண்ணீர் மாற்றி வைத்தோம், ஒரு பக்கத் தட்டியைக் கழற்றிவிட்டோம். மத்தியானத் தீனை நிறுத்தி, விடியற்காலையிலும் பொழுதுபட்ட பிறகும் போடச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் கோழிகள் வாயை மூடத் தொடங்கின. கூரையைத் தாங்கும் கப்புகளை உயர்த்தியது அடுத்த கிழமை.